வாகைக்குளத்தில் இறங்கும் விமானத்தின் வாலில் யாருடைய சின்னம்?

பாளையங்கோட்டையில் கல்லூரிக்குப் போகும் ஒரு தம்பி சில மாதங்களாக வாகைக்குளம் விமான நிலையத்தைத் தன் கணினியில் கட்டிக்கொண்டிருந்தான். பெயர் தூத்துக்குடி விமான நிலையம் என்றாலும் திருநெல்வேலிக்கும் அதுதான் விமான நிலையம். விமானிகளின் குறியீட்டில் விஓடிகே. 2025 ஜூலை 26 அன்று அங்கே 17,340 சதுர மீட்டரில் புது டெர்மினல் திறந்தார்கள். 1,350 மீட்டர் அளவில் இருந்த ரன்வே 3,115 மீட்டருக்கு நீண்டிருக்கிறது. கணினியில் விமானம் ஓட்டிப் பார்க்க அவன் வைத்திருக்கும் சிமுலேட்டரோடு வந்த வாகைக்குளத்தில் இதெல்லாம் கிடையாது. குட்டை ரன்வேயும், எந்த ஊருக்கும் பொருந்துகிற ஒரு பெட்டிக் கட்டடமும்தான் இருந்தன. அதனால் அவனே உட்கார்ந்து டெர்மினலை வரைந்தான், நாலுவழிச் சாலையையும் டோல்கேட்டையும் வைத்தான், சுற்றிலும் உடைமரங்களை நட்டான், தொலைவில் காற்றாலைகளைச் சுழலவிட்டான். முடிந்ததும் எல்லோருக்கும் இலவசமாகக் கொடுப்பதாக இருந்தான்.

வேலை முடியும் நேரத்தில் என்னிடம் கேட்டான்: "அண்ணே, ஏடிஆர் வாலுல இண்டிகோ படம் போட்டா கேஸ் ஆயிருமா? எல்லாரும் போடுதாங்கல்லா?"

ஏடிஆர் என்பது ஒரு சிறிய பயணிகள் விமானம். எல்லோரும் போடுவது உண்மைதான். சிமுலேட்டர் ஆர்வலர்கள் வரைந்து பகிர்ந்த லிவரிகளில், அதாவது விமானத்தின் மேல்பூச்சு வண்ணங்களில், உலகத்தில் பறக்கிற, பறந்து ஓய்ந்த விமான நிறுவனங்கள் ஏறக்குறைய எல்லாமே இருக்கின்றன. பெரும்பாலானவற்றுக்கு யாரும் அனுமதி கேட்கவில்லை, பெரும்பாலானவற்றின் மேல் யாரும் வழக்கும் போடவில்லை. ஆனாலும் "எல்லாரும் போடுதாங்க" என்பதை நம்பி ஆறு மாத உழைப்பை வெளியிட முடியாது. சட்டம் எங்கே கண்டிக்கிறது, எங்கே விட்டுக்கொடுக்கிறது, எங்கே வாயே திறக்கவில்லை என்று தெரிந்துகொண்டு செய்தால் அந்த உழைப்பு நிலைக்கும். அவனுக்குப் பல நாள் மாலைகளில் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் சொல்லையே சரிசெய்துகொள்ள வேண்டியிருக்கிறது. நம் செய்திகளில் "காப்புரிமை" என்ற ஒரே சொல் மூன்று வேலை பார்க்கிறது. கண்டுபிடிப்புக்குக் கிடைக்கும் பேடன்ட்டும் காப்புரிமை, பாட்டுக்கும் படத்துக்கும் உள்ள காப்பிரைட்டும் காப்புரிமை, கடைப் பெயருக்கு உள்ள டிரேட்மார்க்கும் காப்புரிமை என்று எழுதிவிடுகிறார்கள். மூன்றும் வேறு வேறு சட்டங்கள், வேறு வேறு நோக்கங்கள். நமக்கு வேண்டியவை இரண்டு. ஒன்று பதிப்புரிமை: ஒருவர் வரைந்ததை இன்னொருவர் நகலெடுப்பது பற்றியது, 1957-ஆம் ஆண்டுச் சட்டம். இன்னொன்று வணிகச் சின்னம்: இந்தச் சரக்கு யாரிடமிருந்து வருகிறது என்று வாங்குகிறவருக்குக் காட்டும் அடையாளம் பற்றியது; 1999-ஆம் ஆண்டுச் சட்டம், 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஒரு லோகோ இரண்டுக்குள்ளும் வரும். வரைந்த படம் என்ற அளவில் அதற்குப் பதிப்புரிமை உண்டு. நிறுவனத்தின் அடையாளம் என்ற அளவில் அது வணிகச் சின்னம். ஒன்றில் தப்பித்தால் மற்றதிலும் தப்பித்ததாக ஆகாது.

தம்பியின் ஏடிஆர் 72-ஐயே எடுத்துக்கொள்வோம். விமானத்தின் வடிவமும் பெயரும் தயாரித்த நிறுவனத்தோடு சேர்ந்தவை. வாலில் உள்ள புள்ளிகளால் ஆன விமான உருவம் இண்டிகோவுடையது. முப்பரிமாண மாடலைச் செய்தவர் எங்கோ ஐரோப்பாவில் இருக்கும் ஒரு ஆர்வலர். அதன் மேல் ஒட்டும் டெக்ஸ்ச்சரில், அதாவது மேற்பரப்புப் படத்தில், ஜன்னல் ஓரத்து அழுக்கு, இன்ஜின் புகைக்கறை, பூச்சு உரிந்த இடம் எல்லாம் தம்பியின் கைவேலை. ஒரே வாலில் நாலு பேர் உரிமை ஒட்டிக்கொண்டிருக்கிறது. தம்பி தாராளமாக எடுத்துக் கொடுக்கக்கூடியது அவன் கைவேலையை மட்டும்தான்.

அல்வாக் கடையும் 6ஈ வழக்கும்

திருநெல்வேலி ஜங்ஷனில் இறங்கியவர்களுக்கு வணிகச் சின்னத்தைத் தனியாகப் பாடம் நடத்த வேண்டாம். பேர்போன ஒரு கடையின் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்தோ பின்னால் ஒரு சொல்லோ சேர்த்துக்கொண்டு வரிசையாக அல்வாக் கடைகள். ஊர்க்காரர் நேரே உரிய கடைக்குப் போய்விடுவார். ரயிலைப் பிடிக்க ஓடுகிற வெளியூர்க்காரர்தான் பலகையைப் பார்த்து மாறிப்போவார். வணிகச் சின்னச் சட்டம் முதலில் தடுக்கப் பார்ப்பது இந்த மாறிப்போதலைத்தான். வாங்குகிறவர் ஏமாறக் கூடாது, பேர் சம்பாதித்தவரின் பேரை இன்னொருவர் அறுவடை செய்யக் கூடாது.

சட்டத்தின் 29-ஆம் பிரிவு மீறல் எது என்று சொல்கிறது. அதில் திரும்பத் திரும்ப வருவது வணிகத்தின் போக்கில் பயன்படுத்துவது என்ற நிபந்தனை. வீட்டுக்குள் உங்கள் கணினியில் மட்டும் ஓட்டும் விமானத்தில் எந்தச் சின்னத்தை ஒட்டினாலும் இந்தப் பிரிவு உங்களைத் தேடி வராது. கேள்வி எழுவது பகிரும்போதும் விற்கும்போதும்தான்.

சின்னங்களைச் சரக்கு வகைவாரியாகப் பதிகிறார்கள். போக்குவரத்து 39-ஆம் வகுப்பு, கணினி மென்பொருள் 9, விளையாட்டுப் பொருட்கள் 28. "அவங்க விமானம் ஓட்டுறாங்க, நான் விளையாட்டுதானே செய்றேன், வகுப்பே வேற" என்று வாதிடத் தோன்றும். ஆனால் 29-ஆம் பிரிவின் 4-ஆம் உட்பிரிவு, நாடறிந்த சின்னமாக இருந்தால் வகுப்பு வேறாக இருந்தாலும் விடுவதில்லை. தகுந்த காரணம் இல்லாமல் அந்தப் பேரிலிருந்து ஆதாயம் எடுத்தாலும், அதன் தனித்தன்மைக்கோ நற்பெயருக்கோ கெடுதல் செய்தாலும் மீறல்தான். விமான நிறுவனங்கள் வகுப்பு தாண்டியும் காவல் காக்கும் என்பதற்குச் சமீபத்திய எடுத்துக்காட்டு இருக்கிறது. 2024 நவம்பரில் மஹிந்திரா ஒரு மின்சாரக் காருக்கு "பிஇ 6ஈ" என்று பெயர் வைத்தது. 6ஈ என்பது இண்டிகோவின் விமானக் குறியீடு. இண்டிகோ தில்லி உயர்நீதிமன்றத்துக்குப் போனது. டிசம்பரிலேயே மஹிந்திரா காரின் பெயரை "பிஇ 6" என்று சுருக்கிக்கொண்டது. காரை விமானம் என்று யாரும் நினைக்கப் போவதில்லை. ஆனாலும் ஓர் எழுத்துக்கும் ஓர் எண்ணுக்கும் அவ்வளவு தூரம் போனார்கள்.

இதைக் கேட்டதும் தம்பியின் முகம் வாடிவிட்டது. ஆனால் விஷயம் இதோடு முடியவில்லை.

படத்துக்குள் இருக்கும் பலகை, வாசலில் மாட்டிய பலகை

ஓர் ஓவியர் டவுனில் கீழரத வீதியை வரைகிறார் என்று வைத்துக்கொள்வோம். நெல்லையப்பர் கோயில் முகப்பு, எதிரே கடைகள், கடைப் பலகைகள், அல்வாவுக்கு நிற்கும் கூட்டம். பலகைகளில் பெயர் எழுதாமல் வரைந்தால் அது கீழரத வீதியாகவே இருக்காது. அந்தப் படத்தைப் பார்த்து, அல்வாக் கடைக்காரர்தான் இதை வரைந்து விற்கிறார் என்று எவரும் நினைக்க மாட்டார்கள். அதே ஓவியர் அந்தக் கடையின் எழுத்தை அப்படியே எடுத்துத் தன் கடை வாசலில் மாட்டினால் கதை வேறு. சின்னம் ஒன்றுதான். ஒரு இடத்தில் அது காட்சியின் பகுதி. இன்னொரு இடத்தில் அது விற்கிறவரின் முகவரி. உலகம் முழுக்க நீதிமன்றங்கள் இந்த விஷயத்தில் கடைசியில் பார்ப்பது பெரும்பாலும் இந்த வேறுபாட்டைத்தான்.

நம் நாட்டிலேயே ஒரு கணினி விளையாட்டின் மேல் போட்ட வழக்கு உண்டு. ஒடிசாவில் தாம்ரா துறைமுகம் கட்டியபோது, அங்கே முட்டையிட வரும் பங்குனி ஆமைகளுக்கு ஆபத்து என்று கிரீன்பீஸ் அமைப்பு பிரசாரம் செய்தது. அதற்காக இணையத்தில் ஆமைகளை டாடா சின்னம் துரத்துகிற ஒரு சின்ன விளையாட்டை வெளியிட்டது. டாடா சன்ஸ் தில்லி உயர்நீதிமன்றத்துக்குப் போய் விளையாட்டை நிறுத்தச் சொல்லிக் கேட்டது. 2011 ஜனவரி 28 அன்று நீதிபதி ரவீந்திர பட் இடைக்காலத் தடை தர மறுத்தார். ஒரு நிறுவனத்தின் செயலைக் குறித்துப் பேசவும் விமர்சிக்கவும் அதன் சின்னத்தைப் பயன்படுத்துவது, சட்டம் சொல்லும் "தகுந்த காரணம் இல்லாத" பயன்பாட்டில் சேராது என்பது அவர் எடுத்த நிலையின் சாரம். நம் லிவரிகள் விமர்சனமும் இல்லை, கிண்டலும் இல்லை. அதனால் இந்தத் தீர்ப்பை அப்படியே நமக்குக் கவசமாக்க முடியாது. ஆனால் விளையாட்டுக்குள் சின்னம் வந்துவிட்டாலே குற்றம் என்பது நம் சட்டம் இல்லை என்று இது காட்டுகிறது.

நம் வேலைக்கு இன்னும் நெருக்கமான வழக்கு ஜெர்மனியில் நடந்தது. ஆட்டெக் என்ற பொம்மை நிறுவனம் ரிமோட்டில் ஓடும் ஓபல் ஆஸ்ட்ரா காரைச் சிறிய அளவில் செய்தது. அசல் காரில் இருப்பது போலவே முகப்பில் ஓபலின் மின்னல் சின்னத்தையும் வைத்தது. ஓபல் தன் சின்னத்தைப் பொம்மைகளுக்கும் சேர்த்தே பதிந்து வைத்திருந்தது. அதாவது வகுப்பும் பொருந்துகிறது, சின்னமும் பொருந்துகிறது. 2007-ல் ஐரோப்பிய நீதிமன்றம், சின்னத்தின் வேலைக்குப் பங்கம் வருகிறதா என்று பார்க்கச் சொல்லி வழக்கை ஜெர்மானிய நீதிமன்றத்திடமே விட்டது. 2010-ல் ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் ஓபலின் கோரிக்கையை ஏற்கவில்லை. பொம்மைக் காரின் முகப்பில் உள்ள சின்னத்தை வாங்குகிறவர் அசல் காரின் ஒரு விவரமாகத்தான் பார்க்கிறார், பொம்மையைச் செய்தவர் ஓபல் என்று எடுத்துக்கொள்வதில்லை என்பது அதன் கருத்து. லிவரி வரைகிறவர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய தீர்ப்பு என்று நான் நினைப்பது இதைத்தான். ஏடிஆர் வாலில் உள்ள இண்டிகோ சின்னமும் அந்த ஆஸ்ட்ராவின் மின்னலும் ஒரே மாதிரியான பொருட்கள். ஆனால் ஜெர்மானியத் தீர்ப்பு இந்திய நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில், ஹம்வீ ராணுவ வண்டியைச் செய்யும் ஏஎம் ஜெனரல் நிறுவனம், கால் ஆஃப் டியூட்டி விளையாட்டில் தன் வண்டி வருவதை எதிர்த்து வழக்குப் போட்டுத் தோற்றது. போர்க்களத்தை உண்மைபோலக் காட்டுவது ஒரு கலை நோக்கம், உண்மையான வண்டி அதற்கு உதவுகிறது என்று 2020 மார்ச்சில் நியூயார்க் நீதிமன்றம் சொன்னது. பெல் ஹெலிகாப்டர் நிறுவனத்துக்கும் பேட்டில்ஃபீல்ட் 3 விளையாட்டுக்கும் நடந்த சண்டை தீர்ப்பு இல்லாமலே சமரசத்தில் முடிந்தது. 2023 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இன்னொரு கோடு போட்டது. விஸ்கி பாட்டிலைப் போல் செய்த நாய் பொம்மை வழக்கில், பிறர் சின்னத்தை ஒருவர் தன் சரக்குக்கே அடையாளமாக மாட்டிக்கொண்டால், கலைக்குத் தரும் தனிச் சலுகை அங்கே கிடைக்காது என்றது. வாசலில் மாட்டிய பலகை என்று நான் சொன்னது இதுதான்.

இதை வைத்து நம் வேலையைப் பார்த்தால் பல விஷயம் தெளிவாகிறது. விமானத்தின் வாலில், அசலில் எங்கே இருக்கிறதோ அங்கே இருக்கும் சின்னம் படத்துக்குள் இருக்கும் பலகை. அதே சின்னத்தைப் பெரிதாக்கித் தரவிறக்கப் பக்கத்தின் முகப்புப் படமாக வைத்தால், தொகுப்பின் பெயரையே நிறுவனத்தின் பெயராக வைத்தால், அது வாசலுக்கு வந்துவிடுகிறது. அசல் விமான நிறுவனத்தின் பெயரிலேயே ஆர்வலர்கள் நடத்தும் மெய்நிகர் விமான நிறுவனங்கள் இந்த இடத்தில்தான் சிக்குகின்றன. உறுப்பினர் சேர்க்கை, சீருடைப் பட்டை, இணையதளம் எல்லாவற்றிலும் சின்னம் முகவரியாகவே நிற்கிறது. அப்படி நடத்த ஆசைப்படுகிறவர்கள் எழுத்தில் அனுமதி வாங்காமல் தொடங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

நம் வணிகச் சின்னச் சட்டத்தின் 30-ஆம் பிரிவும் கொஞ்சம் கைகொடுக்கிறது. ஒரு நிறுவனத்தின் சரக்கையோ சேவையையோ அதுதான் என்று அடையாளம் காட்ட அதன் சின்னத்தைச் சொல்லலாம். ஆனால் நேர்மையான வழக்கப்படி இருக்க வேண்டும், அதிலிருந்து ஆதாயம் பறிக்கக் கூடாது. "இண்டிகோ பயன்படுத்தும் ஏடிஆர் 72-க்கான வண்ணம்" என்று விவரத்தில் எழுதுவது இந்த வகை.

"இலவசம்தானே?"

விற்கிறவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று பார்த்தால் பயம் எங்கே இருக்கிறது என்று தெரியும். 1982-லிருந்து ஃபிளைட் சிமுலேட்டர் வெளியிட்டுவரும் மைக்ரோசாஃப்ட், தன் விமானங்களில் ஆர்பிட், பசிபிகா, வேர்ல்ட் டிராவல் என்று கற்பனை நிறுவனங்களின் வண்ணங்களைப் பூசி அனுப்பியது. பழைய பதிப்புகளில் பறந்தவர்களுக்கு இந்தப் பெயர்கள் அசல் நிறுவனங்கள் போலவே பழகிப்போனவை. அவ்வளவு பணம் உள்ள நிறுவனமே கற்பனைப் பெயருக்குப் போனதற்குக் காரணம் எளிது: நூறு நிறுவனங்களிடம் நூறு ஒப்பந்தம் போடுவதைவிட நாலு சின்னம் புதிதாக வரைவது சுலபம். ஆட்-ஆன், அதாவது சிமுலேட்டரோடு சேர்த்துக்கொள்ளும் கூடுதல் தொகுப்புகளை, விற்கும் நிறுவனங்களிலும் பல இதே வழியில் போகின்றன. அசல் வண்ணங்களை ஆர்வலர்கள் தனியே வரைந்து இலவசமாகத் தருகிறார்கள்.

ஆகவே இலவசம் என்பதற்கு மதிப்பு உண்டு. காசு வாங்காதபோது வணிகத்தின் போக்கில் என்ற நிபந்தனையே ஆட்டம் காண்கிறது, ஆதாயம் எடுத்தான் என்று சொல்வதும் கடினம். ஆனால் பதிப்புரிமை காசைக் கேட்டுவிட்டு வருவதில்லை. ஒருவர் வரைந்த லோகோவை நகலெடுத்து ஆயிரம் பேருக்குக் கொடுத்தால், இலவசமாகக் கொடுத்தாலும் நகல் நகல்தான். பக்கத்தில் ஒரு நன்கொடைப் பொத்தான் வைத்துவிட்டால் இலவசம் என்ற வாதமும் மெலிந்துவிடுகிறது. லிவரிப் பக்கத்தில் நன்கொடை கேட்காதே என்று தம்பியிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன்.

இலவசத்துக்குள் இன்னொரு சிக்கல் இருக்கிறது. இதைப் பலர் கவனிப்பதே இல்லை. தம்பி தன் வாகைக்குளத்தை ஜிபிஎல் உரிமத்தில் வெளியிட ஆசைப்பட்டான். ஃபிளைட்கியர் என்ற திறந்த மூலச் சிமுலேட்டர் அந்த உரிமத்தில்தான் வெளியாகிறது. ஜிபிஎல் என்ன சொல்கிறது? இதை எடுத்துக்கொள், மாற்று, பிறருக்குக் கொடு, வேண்டுமானால் விற்கவும் செய். தன் டெர்மினலுக்கு அவன் இந்தச் சொல்லைத் தரலாம். இண்டிகோவின் சின்னத்தை மாற்று, விற்றுக்கொள் என்று சொல்ல அவனுக்கு என்ன பாத்தியதை? வாடகை வீட்டில் இருக்கிறவர் தன் கட்டிலையும் பீரோவையும் தானம் செய்யலாம். சேர்த்து வீட்டையும் எழுதிக்கொடுக்க முடியாது. அப்படி எழுதிய பத்திரத்தை நம்பி வாங்கினவருக்குத்தான் பின்னால் தொந்தரவு. சிமுலேட்டரிலும் அப்படியே. மூன்று வருடம் கழித்து யாரோ ஒருவர் அந்த மாடலை நம்பிக்கையோடு எடுத்துத் தன் விற்பனைப் பொருளில் சேர்ப்பார். கேள்வி அவரிடம் வரும்.

இதே முடிச்சு மென்பொருள் உலகில் ஏற்கெனவே விழுந்து அவிழ்ந்திருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸ் உலாவியின் நிரல் சுதந்திரமானது. நரிச் சின்னம் அப்படி இல்லை. டெபியன் லினக்ஸ் அமைப்பினர் சுதந்திரமில்லாத சின்னத்தைச் சேர்க்க மறுத்தார்கள். சின்னம் இல்லாமல் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கும் மொசில்லா சொன்னது. 2006-ல் டெபியன் அதே உலாவியை ஐஸ்வீசல் என்று வேறு பெயரில் தரத் தொடங்கி, 2016-ல் இரு தரப்பும் இணங்கும் வரை அப்படியே வைத்திருந்தது. நிரல் ஒரு பையில், சின்னம் இன்னொரு பையில் என்று பிரித்து வைத்ததால்தான் அந்தப் பத்து வருடமும் யாருடைய வேலையும் நிற்கவில்லை.

பிரித்து வைக்காமல் இருந்தால் என்ன ஆகும் என்று எனக்கே தெரியும். பல வருடம் முன்பு ஒரு சிறிய விமான நிலையத்துக்கு நான் செய்த தொகுப்பில், ஒரு சேவை வண்டியின் பக்கவாட்டில் ஒரு நிறுவனத்தின் சின்னம் இருந்தது. அவர்களிடமிருந்து நீக்கச் சொல்லிக் கடிதம் வந்தது. நியாயமான கடிதம்தான். ஆனால் அந்தச் சின்னத்தை நான் கட்டடச் சுவர், விளக்குக் கம்பம், ஏணி எல்லாம் அடங்கிய அதே டெக்ஸ்ச்சர் ஷீட்டில் வரைந்திருந்தேன். ஒன்றை மட்டும் உருவி எடுக்க முடியவில்லை. தொகுப்பை வைத்திருந்த இணையதளம் தொகுப்பு முழுவதையுமே நீக்கிவிட்டது. திரும்ப எல்லாவற்றையும் பிரித்து வரைந்து ஏற்ற இரண்டு மாதம் ஆயிற்று. அன்றிலிருந்து எந்தச் சின்னத்தையும் ஸ்டிக்கர் போல மேலே ஒட்டும் தனி டீகால் அடுக்கில், தனிக் கோப்பில்தான் வைக்கிறேன்.

சின்னத்தை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதும் முக்கியம். இணையத்தில் கிடைத்த படத்தை அப்படியே வெட்டி ஒட்டினால், நிறுவனத்தின் உரிமையோடு அந்தப் புகைப்படம் எடுத்தவரின் உரிமையும் ஏறிக்கொள்கிறது. நாமே பார்த்து வரைந்தால் இரண்டாவது சிக்கலாவது இல்லை. நேரே போய்ப் படமெடுக்கலாமே என்றால், 1937-ஆம் ஆண்டு விமான விதிகளிலேயே அரசு விமான தளங்களில் படமெடுக்கக் கட்டுப்பாடு எழுதிவைத்திருக்கிறார்கள். வேலிக்கு வெளியே நின்று கேமராவைத் தூக்கினாலே விசாரிக்க ஆள் வரும். எங்கிருந்தோ எடுத்த படத்தோடு என்ன ஒட்டிக்கொண்டு வருகிறது என்று பார்க்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு நம் கடற்கரையிலேயே ஒரு சாட்சி உண்டு. 2024 பிப்ரவரி 28 அன்று குலசேகரப்பட்டினம் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். அதற்காக நாளிதழில் வந்த ஒரு விளம்பரத்தில், ராக்கெட்டின் உச்சியில் சீனக் கொடி இருந்தது. வடிவமைத்தவரின் கவனக்குறைவு என்று பிறகு விளக்கம் சொன்னார்கள். ஆயத்தமாகக் கிடைக்கும் வண்டி, கட்டடம், விமான மாடல்களை எடுத்துச் சேர்க்கிறவர்கள் ஒவ்வொரு டெக்ஸ்ச்சரையும் முழு அளவில் திறந்து, மூலை முடுக்கெல்லாம் பார்க்க வேண்டும்.

ஓய்ந்துபோன நிறுவனங்களும் ஊர்ச் சுவர்களும்

வாகைக்குளத்தில் ஒரு காலத்தில் கிங்ஃபிஷர் விமானங்களும் இறங்கின. அந்தச் சிவப்பு வாலைத் திரும்ப வரைய வேண்டும் என்று தம்பிக்கு ஆசை. "கம்பெனியே மூடியாச்சு, இனி யார் கேக்கப்போறா?" என்பது அவன் வாதம். நிறுவனம் 2012 அக்டோபரில் பறப்பதை நிறுத்தியது. ஆனால் சின்னம் செத்துப்போகவில்லை. அது வங்கிகளிடம் அடகில் இருந்தது. 2016 ஏப்ரலில் வங்கிகள் கிங்ஃபிஷர் ஏர்லைன்ஸின் பெயரையும் பறக்கும் பறவைச் சின்னத்தையும் ரூ.366.70 கோடி குறைந்தபட்ச விலையில் ஏலம் விட்டன. வாங்க ஒருவரும் வரவில்லை. இருந்தாலும் அது இன்னொருவர் கணக்குப் புத்தகத்தில் எழுதிய சொத்து என்பதை அந்த ஏலம் காட்டியது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17 அன்று நின்றது. 2024 நவம்பரில்தான் உச்ச நீதிமன்றம் அதைக் கலைக்க உத்தரவிட்டது. நடுவில் உள்ள ஐந்தரை வருடமும் அந்தப் பெயருக்கு உரிமை கோருகிறவர்கள் இருந்தார்கள். வணிகச் சின்னச் சட்டத்தின் 47-ஆம் பிரிவின்படி ஐந்து வருடத்துக்கு மேல் பயன்படுத்தாத சின்னத்தைப் பதிவேட்டிலிருந்து நீக்கச் சொல்லிக் கேட்கலாம். யாராவது கேட்டு, உத்தரவு வந்தால்தான் நீங்கும், தானாக உதிராது.

ஆனாலும் ஓய்ந்துபோன நிறுவனங்களின் லிவரிகளை வரைய வேண்டும் என்றே நான் சொல்வேன். எந்த வருடம் எந்த விமானம் எங்கே இறங்கியது என்பது ஊரின் வரலாறு. 2023 ஆகஸ்டில் ஏர் இந்தியா சின்னத்தை மாற்றியது. 2024 நவம்பரில் விஸ்தாரா ஏர் இந்தியாவோடு கலந்து காணாமல் போனது. இந்த வண்ணங்களைத் தேதியோடு, விமானப் பதிவு எண்ணோடு பத்திரப்படுத்தி வைத்திருப்பவர்களில் ஆர்வலர்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள். அந்த உழைப்புக்கு மதிப்பு தர வேண்டும். காசு வாங்காமல், தனிக் கோப்பாக, இது யாருடைய சின்னம் என்று எழுதி வைத்துச் செய்யலாம்.

விமானத்தைவிடத் தரையில்தான் சின்னங்கள் அதிகம். பாளையங்கோட்டையிலிருந்து வாகைக்குளம் போகும் சாலையில் சிமென்ட் விளம்பரம் எழுதாத மதில் குறைவு. டீக்கடைப் பலகையில் கடைப் பெயரைவிடக் குளிர்பானச் சின்னம் பெரிதாக இருக்கும். பலகைக்குக் காசு கொடுத்தது அவர்கள்தான். டெர்மினலுக்குள் வங்கி ஏடிஎம், வெளியே எண்ணெய் நிறுவனத்தின் டேங்கர். ஆடிக் காற்றில் சுழலும் காற்றாலைகளின் தலையில் தயாரிப்பாளர் பெயர். இவற்றை எல்லாம் அழித்துவிட்டால் ஊர் வெளுத்துப்போகும். எல்லாவற்றையும் அப்படியே போட்டால் நூறு நிறுவனங்களுக்குப் பதில் சொல்ல வேண்டிவரும்.

கட்டடங்களையும் சிற்பங்களையும் வரையவும் படமெடுக்கவும் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு விலக்கு தருகிறது. விளம்பரப் பலகையில் வரைந்த படம் அந்த விலக்குக்குள் வராது. முப்பரிமாண மாடல் என்று அந்த உட்பிரிவுகளில் ஒரு வார்த்தையும் இல்லை. கட்டடமே வணிகச் சின்னமாவதும் உண்டு: மும்பை தாஜ்மகால் பேலஸ் ஹோட்டலின் தோற்றத்தை 2017-ல் அப்படிப் பதிந்தார்கள். அரசுச் சின்னங்களுக்குத் தனிச் சட்டங்களே இருக்கின்றன. 1950-ஆம் ஆண்டுச் சட்டமும் 2005-ஆம் ஆண்டுச் சட்டமும் சிங்க முகச் சின்னத்தை அனுமதியின்றித் தொழிலுக்கும் வணிகத்துக்கும் பயன்படுத்தத் தடை போடுகின்றன. அதை டெர்மினல் சுவரில் சிறிதாகக் காட்டுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், தொகுப்பின் அட்டைக்குக் கொண்டுவரவே கூடாது.

நான் வைத்துக்கொண்டிருக்கும் அளவுகோல், விமானி அதைப் பார்த்து வழி கண்டுபிடிப்பாரா என்பது. தாழையூத்து சங்கர்நகர் சிமென்ட் ஆலை இந்தப் பக்கம் பறக்கிறவருக்கு ஓர் அடையாளம். ஆலையும் புகைபோக்கியும் வேண்டும், சுவரில் உள்ள பெயர் வேண்டாம். காற்றாலைக்கு வெள்ளைத் தலை போதும். டீக்கடைப் பலகையில் சிவப்பு நிறமும் "டீ, காபி" என்ற எழுத்தும் இருந்தால் நம் ஊர்க் கண்ணுக்கு மிச்சம் தானே தெரிந்துவிடும்.

அனுமதி கேட்டால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். கேட்க வேண்டும். பதில் வராமலே போகலாம். பெரிய நிறுவனங்களில் இப்படி ஒரு கேள்விக்கு யார் பதில் சொல்வது என்றே ஒருவர் மேசையில் எழுதியிருக்காது. ஆனாலும் கேட்டோம் என்ற கடிதம் நம் நேர்மைக்குச் சான்று. நிறுவனங்கள் மனம் மாறியதும் உண்டு. அமெரிக்காவின் யூனியன் பசிபிக் ரயில் நிறுவனம், தன் சின்னத்தை வைத்துப் பொம்மை ரயில் செய்கிறவர்களிடம் உரிமைக் கட்டணம் கேட்டு, 2004-ல் சிலர் மேல் வழக்கும் போட்டது. ரயில் ஆர்வலர்கள் கொதித்துப்போனார்கள். 2006-ல் நிறுவனம் கட்டணம் கேட்பதையே கைவிட்டது. தன் ரயிலை நேசித்து வீட்டில் ஓட்டுகிறவர்களோடு சண்டை போடுவதில் ஒரு லாபமும் இல்லை என்பதை அவர்கள் கண்டுகொண்டதாகவே நான் அதைப் பார்க்கிறேன். நம் விமான நிறுவனங்களும் ஒரு பக்க அளவில் விதி எழுதி வெளியிடலாம்: விற்காதே, சின்னத்தைத் திரிக்காதே, எங்கள் பெயரில் பேசாதே, மற்றபடி பறந்துகொள். அப்படி ஒரு தாள் இருந்தால் பாளையங்கோட்டைப் பையன்கள் இருட்டில் தடவ வேண்டியதில்லை.

தம்பியின் தொகுப்பு இப்போது இரண்டு கோப்புறைகளாக இருக்கிறது. முதலாவதில் டெர்மினல், ரன்வே, டோல்கேட், உடைமரம், காற்றாலை. எல்லாம் அவன் கைவேலை, ஜிபிஎல் உரிமம். அதில் வரும் ஏடிஆரின் வாலில் தாமிரபரணியை நினைத்து அவன் வரைந்த மூன்று நீல அலைகள், பெயர் எதுவும் எழுதவில்லை. இரண்டாவதில் அசல் வண்ணங்கள் மட்டும். அதனோடு உள்ள தாளில், சின்னங்கள் அந்தந்த நிறுவனங்களுக்கே சொந்தம், அவர்களுக்கும் இந்தத் தொகுப்புக்கும் தொடர்பில்லை, இந்தக் கோப்புறைக்கு ஜிபிஎல் பொருந்தாது, இதை விற்கக் கூடாது, உரியவர் கேட்டால் நீக்கப்படும் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருக்கிறான். ஏடிஎம் பலகையில் "ஏடிஎம்" என்று மட்டும் இருக்கிறது. விமான நிறுவனத்துக்கு எழுதிய கடிதம் போன வாரம் போயிற்று. பதில் வரும்வரை இரண்டாவது கோப்புறையை அவன் வெளியிடவில்லை. முதலாவது மட்டும் வந்துவிட்டது. நேற்று இரவு அதில் சென்னையிலிருந்து புறப்பட்டு, நீல அலை வாலோடு ரன்வே 28-ல் இறங்கினேன்.